வீட்டை ஜாக்கி வச்சு தூக்குறதுக்கு முன்னாடி உங்க ரோட்டை பாருங்க

மழை சீசன் முடிஞ்சா போதும், சென்னைல வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்துலேருந்து வர்ற போன்ல பாதி இதே கேள்விதான், "சார், வீட்டை ஒரு நாலடி தூக்கிடலாமா?" நான் சிவில் இன்ஜினியர், தாராளமா தூக்கலாம்னுதான் சொல்வேன். அஸ்திவாரத்துக்கு மேல சுவரை கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு வரிசையா ஜாக்கி நிறுத்தி எல்லாத்தையும் ஒரே சீரா திருகணும், ஒரு ஜாக்கி முந்திடுச்சுன்னா சுவர் விரிசல் விட்டுடும். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் சென்னைல இதை நிறைய பேர் செஞ்சிட்டாங்க.

ஆனா வீடு ஏன் பள்ளமாச்சுன்னு யாருமே கேக்க மாட்டேங்குறாங்க. பல இடத்துல வீடு இறங்கல, ரோடுதான் ஏறிடுச்சு. பழைய தாரை சுரண்டாம அது மேலயே மேலயே போட்டுட்டு வந்தா வாசப்படில ரெண்டு படி காணாம போகாம என்ன செய்யும்? சுரண்டிட்டுதான் புதுசு போடணும்னு 2021லயே அப்போ தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு உத்தரவு போட்டாச்சு. அதனால உங்க தெருவுக்கு ரோடு போட வந்தா முதல்ல பழைய தாரை சுரண்டுற மில்லிங் மெஷின் வந்துச்சான்னு பாருங்க, வரலைன்னா அப்பவே நின்னு கேளுங்க, தார் கொட்டினப்புறம் கத்தி பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, வீட்டை தூக்குறவங்க தரைக்கு அடியில இருக்கற தண்ணித் தொட்டியை, அதான் சம்பை, மறந்துடறாங்க. ஹால் காஞ்சு கிடக்கும், சம்பு மூடி மட்டும் பழைய லெவல்லயே இருக்கும், தெருத் தண்ணி சாக்கடையோட சேர்ந்து நேரா குடிக்கிற தண்ணிக்குள்ள. மூடியோட கழுத்தை ஏத்தி கட்டுங்க, டிரைனேஜ் சேம்பர்ல தண்ணி திரும்பி வராம இருக்க வால்வு போடுங்க, ஈபி மீட்டரையும் மோட்டார் சுவிட்சையும் மேல மாத்துங்க. வீட்டை தூக்குற செலவுல இதெல்லாம் ஒரு காசே இல்ல.

மழைநீர் வடிகால் வந்துடுச்சே இனிமே கவலை இல்லன்னு சிலர் சொல்றாங்க. அந்த பக்கத்து தண்ணி பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போய், ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய்ல விழுந்து, கோவளம் முகத்துவாரத்துலதான் கடலை பாக்கணும். சதுப்பு நிலத்துல பெரும்பகுதியை நாமளே மூடியாச்சு, மிச்சம் இருக்கறதுக்குத்தான் 2022ல ராம்சர் பட்டம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈர நிலம்ங்கற அங்கீகாரம். கடல் மட்டம் ஏறி இருக்கற நேரத்துல மழை கொட்டுச்சுன்னா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அன்னைக்கு மாதிரி, எவ்ளோ பெரிய வடிகாலா இருந்தாலும் தண்ணி நின்னுதான் போகும். புதுசா மனை வாங்குறவங்க புரோக்கர் பேச்சை விட்டுட்டு கிராம வரைபடத்துல பக்கத்துல ஏரி, ஓடைன்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க, அப்புறம் அந்த தெருவுல இஸ்திரி போடுறவர்கிட்ட 2023ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, முட்டியா இடுப்பான்னு கையை வச்சே காட்டுவாரு.