வெளிச்சம் இருந்தும் சிவப்புத் தெரியாத ரோச் லைற்றுகள்

விசுவமடுவில் ஒரு வீட்டில், கரண்ட் இல்லாத இரவில், சோலர் சார்ஜரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். எரிந்த தடையியில் (ரெசிஸ்ரர்) அதன் ஓம் அளவைச் சொல்லும் நிற வளையம் மூன்று, மூன்றும் பழுப்பு. 110 ஓம் என்று கணக்குப் பார்த்து, புதிதாக ஒன்றை ஈயம் பிடித்துப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் போட் கருகிவிட்டது. விடிந்தபின் பழைய தடையியை எடுத்துப் பார்த்தால் மூன்று வளையமும் சிவப்பு. அது 2200 ஓம். இரவு நான் பிடித்திருந்த ரோச்சில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சிவப்புத்தான் இல்லை.

வெள்ளை எல்ஈடி உண்மையில் நீல எல்ஈடிதான். மேலே பூசிய மஞ்சள் பொஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு நீலத்தில் ஒரு பங்கை மாற்றிவிட, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அதில் சிவப்பு மிகக் குறைவு. வெளிச்சத்தில் இல்லாத நிறத்தை எந்தப் பொருளும் திருப்பிக் காட்டாது. சிவப்புப் பொஸ்பர் சேர்த்தால் நிறம் சரியாகும், ஆனால் லூமென், அதாவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு, குறையும், ஏனென்றால் நம் கண்ணுக்குச் சிவப்பில் கூர்மை குறைவு. லூமெனைப் பெரிதாக அச்சடித்து விற்பவர்கள் சிவப்பைக் கைவிடுவது இதனால்தான்.

ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு 100 வரை போகும் அளவு சிஆர்ஐ. சிஆர்ஐ 90 என்று கண்டவுடன் நம்பிவிடாதீர்கள். அது 8 வெளிறிய நிறங்களின் சராசரி. கடும் சிவப்பு அந்தக் கணக்கில் சேராது, அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. சாதாரண சிஆர்ஐ 70 எல்ஈடியில் ஆர்9 பெரும்பாலும் பூச்சியத்துக்கும் கீழே நிற்கும்.

நான் ரோச்சில் பூட்டிப் பார்த்த எல்ஈடிகளில் நிச்சியா கம்பனியின் 519ஏ தான் முதலிடம். ஆர்9080 என்ற குறியீட்டோடு வருவதை வாங்குங்கள்: சிஆர்ஐ 90க்கும் ஆர்9 80க்கும் குறையாது. வெள்ளை மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்று சொல்லும் கெல்வின் எண்ணில், 4500 கெல்வின் எங்கள் செம்மண்ணுக்கும் காய்ந்த சருகுக்கும் பொருந்துகிறது. அதே கம்பனியின் பழைய 219பி நிறத்தில் இன்னும் அழகு, ஆனால் அதிக கரண்ட் தாங்காது. சாம்சுங்கின் எல்எச்351டி விலை குறைவு, வெளிச்சம் தாராளம். ஆர்9 519ஏயை விடக் குறைவு, கொஞ்சம் பச்சையும் அடிக்கும். லூமினஸின் எஸ்எஸ்ரி-20, 4000 கெல்வின், சிஆர்ஐ 95 தூரம் போகும், குறைந்த வெளிச்சத்தில் அதுவும் பச்சை காட்டும். நான்கும் 3.5 மில்லிமீற்றர் சதுரம் என்பதால் ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றதைப் பூட்டலாம். எல்ஈடிக்கு அடியில் கொப்பர் தட்டு இருக்கவேண்டும், அலுமினியத் தட்டு சூட்டை அவ்வளவு விரைவாக இழுக்காது.

யானைக்காவலுக்குப் போகிறவருக்கு இவ்வளவு நிறம் தேவையில்லை. அவருக்குத் தூரம்தான் முக்கியம், சிஆர்ஐ 70 போதும். ஆனால் இரவில் வரம்பில் நடப்பவருக்குப் பழுப்புச் சருகில் கிடக்கும் பழுப்புப் புடையன் பாம்பு பிரிந்து தெரியவேண்டும். வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் தாதிக்கும் புண்ணைச் சுற்றிய சிவப்பும் உதட்டின் நிறமும் தெரியவேண்டும். அவர்களுக்கு லூமெனைக் கூட்டிக் கொடுத்துச் சிவப்பைப் பறிப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பற்றரியிலும் ஏமாறாதீர்கள். ரோச்சில் போடும் 18650 என்ற அளவு லித்தியம் பற்றரி ஒன்றில் 9900 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் அது பொய். நல்லதில் 3500 அளவுதான்.

அந்தப் பழைய தடையியை என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். எல்ஈடி மாற்றிய ஒவ்வொரு ரோச்சையும் அதன்மேல் அடித்துப் பார்த்து, மூன்று வளையமும் சிவப்பாகத் தெரிந்த பிறகே ஆளிடம் கொடுக்கிறேன்.