துருவத்துப் பிளாஸ்மாவுக்கு உள்ளூர் நேரம் தெரியாது

பினாங்கு வானத்தில் அயனிமண்டலம் (வெயில் பட்டு அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகும் உயரமான காற்று அடுக்கு) ஒரு நாளில் எப்படி மாறும் என்று கணிக்க, பெரும்பாலும் சூரியன் நிற்கும் கோணமே போதும். காலையில் எலக்ட்ரான் அடர்த்தி ஏறும், பொழுது சாய்ந்தால் இறங்கும். இதே கணக்கை 78 பாகை வடக்கில் உள்ள ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குப் போட்டால் உதைக்கும். அங்கே டிசம்பர் நள்ளிரவிலும், 300 கி.மீ. உயரத்தில், அடர்த்தியான பிளாஸ்மாத் திட்டுகள் (அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த மேகங்கள்) கடந்து போவதுண்டு.

அவை அங்கே பிறந்தவை அல்ல, வந்து சேர்ந்தவை. சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், துருவத்தின் மேல் ஒரு மின்புலத்தை உண்டாக்குகிறது. மீட்டருக்கு 50 மில்லிவோல்ட் என்று வையுங்கள். காந்தப்புலம் 50,000 நானோடெஸ்லா. முன்னதைப் பின்னதால் வகுத்தால் பிளாஸ்மாவின் வேகம் வரும்: விநாடிக்கு 1 கி.மீ. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு நேர்கோட்டில் ஐந்தே நிமிடம். அந்த உயரத்தில் ஆக்சிஜன் அயனிகள் அழிய மணிக்கணக்கில் ஆகும் என்பதால், பகல் பக்கத்தில் உண்டான பிளாஸ்மா துருவத்தைத் தாண்டி இருட்டுக்குள் போன பிறகும் மிஞ்சியிருக்கும். 110 கி.மீ. உயரத்தில் இந்தத் தொல்லை இல்லை. பகல்நேர அடர்த்தியில் ஒரு நிமிடம் போலத்தான் அயனிகளின் ஆயுள்.

அதனால் 1980களில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் ஷங்க்கும் சோய்காவும் வளர்த்த கணினி மாதிரி (model), ஓரிடத்தில் நின்று பார்ப்பதில்லை. பிளாஸ்மாவின் கூடவே போகிறது. ஒரு திட்டு வந்த பாதை தெரிந்தால், வழியில் எவ்வளவு நேரம் வெயில் பட்டது, எங்கே அரோரா எலக்ட்ரான்கள் (துருவ ஒளியை உண்டாக்குபவை) விழுந்தன, எவ்வளவு அழிந்தது என்று படிப்படியாகக் கூட்டிக் கழிக்கலாம். வெயில் கணக்கில் ஒரு கண்ணி உண்டு: தரையில் சூரியன் மறைந்தாலும், அது அடிவானத்துக்கு 17 பாகை கீழே இறங்கும்வரை 300 கி.மீ. உயரத்தில் ஒளி படும்.

சாயங்காலப் பக்கம்தான் படுத்தும். 60 பாகை அட்சரேகையில் பூமியோடு சேர்ந்த சுழற்சி பிளாஸ்மாவைக் கிழக்கே விநாடிக்கு சுமார் 230 மீட்டர் இழுக்கிறது. மின்புலம் மேற்கே தள்ளுகிறது. இரண்டும் சமமானால் பிளாஸ்மா இருட்டிலேயே தேங்கிக் கரைந்து, அடர்த்தியில் ஒரு பள்ளம் விழும். மாதிரிக்கு மின்புலத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தாலும் பள்ளம் வேறிடத்துக்குப் போய்விடும். வலுவான மின்புலம் அயனிகளைச் சூடாக்கினால், நைட்ரஜனோடு வினை வேகமாகி அழிவும் கூடும். இதை விட்டுவிட்டால் அடர்த்தி கூடுதலாகவே வரும்.

சராசரி மின்புலத்தைக் கொடுத்தால் மாதச் சராசரி ஓரளவு பொருந்தும், குறிப்பிட்ட ஒரு மாலை பொருந்தாது. திட்டுகளின் விளிம்பும் மழுங்கிப்போகும். சூப்பர்டார்ன் (துருவப் பகுதிகளின் பிளாஸ்மா ஓட்டத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு வலையமைப்பு) ரேடார்கள் அளக்கும் வேகத்தைக் கொடுத்தால் தேவலை. எதிரொலி கிடைக்காத பகுதிக்கு மறுபடி சராசரிதான்.