மாரியும் நத்தாரும் மனப்பாரமும்

ஐப்பசி மழை பிடித்து நத்தார் முடியும் வரைக்கும் என்னிடம் வருகிறவர்களின் பேச்சு ஒரே மாதிரி இருக்கும். "என்னெண்டு சொல்லத் தெரியேல்ல டொக்டர், ஒண்டிலயும் மனம் போகுதில்லை." சிலர் நோயின் பெயரையும் கையோடு கொண்டு வருவார்கள். கனடாவிலிருந்து மகள் வட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பாள்: குளிர்கால மனச்சோர்வு, விற்றமின் டி போடுங்கோ, பிரகாசமான விளக்கொன்று வாங்கி முன்னால் இருங்கோ.

மகள் இருக்கிற ஊருக்கு அது சரி. இந்தப் பருவகால மனச்சோர்வை 1984 இல் அமெரிக்காவில் நோர்மன் ரோசென்தாலும் அவரோடு வேலை செய்தவர்களும் விபரித்தார்கள். டிசம்பர் கடைசியில் டொரொன்டோவில் பகல் ஒன்பது மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான். ஒஸ்லோவில் ஆறு மணித்தியாலம்கூட முழுதாக இல்லை. அங்கே காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணித்தியாலம் இருப்பது பலருக்கு உண்மையிலேயே உதவுகிறது. யாழ்ப்பாணத்தில் டிசம்பரிலும் பதினொன்றரை மணித்தியாலப் பகல் இருக்கிறது. ஜூன் மாதத்தை விட ஒரு மணித்தியாலம்தான் குறைவு. ஆகவே விளக்குக்குக் காசைக் கரியாக்க வேண்டாம்.

எங்களுக்கு வருவது வேறு வழியால். மழை மனிதரை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் விடியப் பூசைக்குப் போக ஏலாது, பின்னேரம் சைக்கிளை எடுக்க ஏலாது. குருநகர், பாசையூர்ப் பக்கம் காற்று மாறினால் கடல் தொழிலும் இல்லை, கையில் காசும் இல்லை. வழக்கமாகச் செய்கிற சின்னச் சின்ன வேலைகள் நிற்க, அவற்றால் கிடைத்த ஆறுதலும் நிற்கும். ஆறுதல் இல்லாதபோது எதையும் செய்ய மனம் வராது. பிறகு அது தன்பாட்டில் சுற்றிக்கொண்டே போகும்.

அதோடு நாட்காட்டியும் சேர்ந்துகொள்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்தவர்களுக்கு ஐப்பசி மழை வெறும் மழை இல்லை. இறந்தோரை நினைக்கிற நவம்பர் 2 இல் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துகிறோம். நத்தாருக்கு மறுநாள், 2004 டிசம்பர் 26, வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் சுனாமியாகக் கடல் வந்தது. உடம்பு இந்தத் திகதிகளை எங்களுக்குச் சொல்லாமலே நினைவு வைத்திருக்கும். "ஏன் எண்டு தெரியேல்ல, மழை இருட்டினால் நெஞ்சு பதைக்குது" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது, இந்த மாதத்தில் யாரை இழந்தீர்கள் என்றுதான்.

ஒரு அம்மா, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். செபமாலையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். அதைக் கையில் எடுத்து மூன்று வாரம். "சொல்லத் தொடங்கினால் பாதியில விட்டுப்போகுது மகன். கடவுளுக்கு என்னில கோவம் போல." செபக்கூட்டத்தில் ஒருவர் விசுவாசக் குறைவு என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவர் கோவிலுக்கும் போகவில்லை. விடிய மூன்று மணிக்கு முழிப்பு, சாப்பாடு தொண்டையால் இறங்கவில்லை. மனச்சோர்வில் கவனம் நிற்காது. கவனம் நிற்காவிட்டால் மன்றாட்டும் நிற்காது. அது நோயின் குணம், பாவத்தின் சம்பளம் அல்ல.

அவரோடு முதல் அரசர்கள் 19 ஆம் அதிகாரத்தைத்தான் பேசினேன். கர்மேல் மலையில் வென்ற கையோடு இறைவாக்கினர் எலியா உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பெயர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டுத் தனியே பாலைவனத்துக்குள் போய், சூரைச்செடியின் கீழ் இருந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். இன்று என் அறைக்கு வந்தால் நான் குறிப்பு எழுதத் தொடங்கிவிடுவேன். வானதூதர் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. தொட்டு எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா திரும்பவும் படுத்துவிட்டார், அதற்கும் ஏச்சு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பாடு. ஓரேப் மலையில் எலியா ஒரே முறைப்பாட்டை, ஒரே சொற்களில், இரண்டு தரம் சொல்கிறார். ஆண்டவர் இரண்டு தரமும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கொடுத்தது வேலையும் கூட ஒரு ஆளும், எலிசா.

நித்திரை, சாப்பாடு, ஆள்துணை, கேட்கிற காது, அளவான வேலை. என் துறை இதற்கு மேல் அதிகம் கண்டுபிடித்துவிடவில்லை, மருந்தைத் தவிர. செபிக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது திருப்பாடல் 88. அது இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. அப்படியே விவிலியத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவும் ஏலாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவர் செபமாலை சொல்லட்டும், நீங்கள் சும்மா இருங்கள்.

மழை விட்ட நேரம் பார்த்து ஒழுங்கை முனை வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். மனம் வரட்டும் என்று காத்திருந்தால் தை பிறந்துவிடும். நத்தார்க் குடி துக்கத்தை ஆற்றாது, நித்திரையையும் கெடுக்கும்.

பங்கு இளைஞருக்கும் ஒரு வேண்டுகோள். கரோல் போகும்போது அந்த வருடம் செத்தவீடு நடந்த வீட்டைத் தாண்டிப் போகிறீர்கள், மரியாதை என்று நினைத்து. தாண்டாதீர்கள். மேளத்தை வெளியில் வைத்துவிட்டு இரண்டு பேர் உள்ளே போய், ஒரு பாட்டு மெதுவாகப் பாடி, தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். செத்தவரின் பெயரைச் சொல்லப் பயப்பட வேண்டாம்.

இரண்டு கிழமைக்கு மேலாக நாள் முழுக்க மனம் கீழேயே கிடந்தால், எதிலும் விருப்பம் அற்றுப்போனால், வைத்தியரிடம் வாருங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு கிழமை பார்க்க வேண்டாம், அன்றைக்கே வரவேண்டும். வர முடியாவிட்டால் 1926 ஐ அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். வீட்டில் யாராவது "சாகலாம் போல கிடக்கு" என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்துப் போத்தலை வீட்டை விட்டு அகற்றுங்கள்.

மருந்து எடுக்கிறவர்கள் செபக்கூட்டத்தில் சுகம் கிடைத்தது என்று நத்தாருக்கு முன்னர் தாங்களாக நிறுத்த வேண்டாம். சுகம் கிடைத்திருந்தால் மருந்தை எப்படிக் குறைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம். மனநிலையைச் சீராக வைத்திருக்கிற லிதியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் தண்ணீர் குடியாத உபவாசம் இருக்கவே கூடாது, இரத்தத்தில் அளவு ஏறி நஞ்சாகிவிடும். இதைப் போதகருக்கும் சுவாமிக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.