‘அம்மா நீங்க வெளிய நில்லுங்க’ என்று சொன்னால் நிற்காதீர்கள்: போக்சோ சட்டத்தில் வீட்டாருக்கு இருக்கும் உரிமை

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. 2019-ல் தண்டனையைக் கூட்டினார்கள், 2020-ல் புது விதிகள் வந்தன. வரலாறு இவ்வளவு போதும். 18 வயது நிறையாத யாரும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான், பையன்களும் சேர்த்தி. பையன் என்றால் ‘ஆம்பளப் புள்ளதான, விடுங்க’ என்று வீட்டிலும் சொல்கிறார்கள், ஸ்டேஷனிலும் சொல்கிறார்கள். 2007-ல் மத்திய அரசு நடத்திய ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள். தொட்டால்தான் குற்றம் என்பதும் இல்லை. போனில் ஆபாசப் படம் காட்டுவது, விடாமல் பின்னால் வருவது, அசிங்கமாகப் பேசுவது, இதற்கெல்லாம் 3 ஆண்டு வரை சிறை உண்டு. துணிக்கு மேல் தொட்டது குற்றமில்லை என்று எவராவது வாதாடினால், அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2021-லேயே தள்ளிவிட்டது என்று சொல்லுங்கள்.

இந்தச் சட்டத்தைப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். பிள்ளை யாரை நம்புகிறதோ அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வாக்குமூலம் எடுக்கும்போதும், டாக்டர் பார்க்கும்போதும், கோர்ட்டிலும். ஆனால் நடைமுறையில் இந்த மூன்று இடத்திலும் முதலில் அம்மாவைத்தான் வெளியே அனுப்புகிறார்கள்.

அதற்கு முன்னால் வீட்டில் நடப்பதைப் பேச வேண்டும், ஏனென்றால் பிள்ளை முதலில் வாய் திறப்பது அங்கேதான். போக்சோ வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சொல்கிறது. மாமா முறை, தாத்தா முறை, டியூஷன் வாத்தியார், ஆட்டோக்காரர், கோயில் கொடைக்கு வரும்போதெல்லாம் மிட்டாய் வாங்கி வருகிறவர். அவரைப் பற்றிப் பிள்ளை நேராகச் சொல்லாது. ‘எம்மா, நான் அந்த மாமா வீட்டுக்குப் போவல’ என்றுதான் ஆரம்பிக்கும். ‘ஏம்ட்டி, உனக்கு எவ்வளவு செய்யுதாவ, கொழுப்பா’ என்று ஒரு அதட்டல் போட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும், மறுபடி அது வெளியே வர வருஷக்கணக்கில் ஆகலாம். ‘ஏன் போவல’ என்று மெதுவாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வந்தவர் மடியில் உட்காரச் சொல்லி, முத்தம் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ‘அம்மாட்ட சொல்லாத’ என்று யார் சொன்னாலும் அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று வயதிலிருந்தே பழக்கலாம். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசலாம்.

அப்பாக்களுக்கு ஒன்று. ‘எம்புள்ள மேல எவனாவது கை வச்சா வெட்டிப்புடுவேன்’ என்று பிள்ளை காதுபடப் பேசுவது பாசத்தில்தான், எனக்குத் தெரியும். ஆனால், நான் சொன்னால் அப்பா ஜெயிலுக்குப் போய்விடுவார் என்றுதான் பிள்ளைக்கு அது கேட்கிறது. தொல்லை கொடுக்கிறவனும் அதையே சொல்லித்தான் வாயை அடைக்கிறான். ‘என்ன நடந்தாலும் எங்கிட்ட சொல்லு, உன்ன அடிக்க மாட்டேன், யாரையும் அடிக்கவும் போக மாட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். துபாயிலோ மும்பையிலோ இருக்கிற அப்பாவும் வீடியோ காலில் மார்க் கேட்பதோடு நிறுத்தாமல் இதைச் சொல்லலாம்.

சரி, பிள்ளை சொல்லிவிட்டது. நம்புங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள், ஆச்சிக்கு ஒரு தடவை சித்திக்கு ஒரு தடவை என்று திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். அழகாகச் சொல்லிக்கொடுக்கப் போனால் பிறகு குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொள்வார்கள். போனில் வீடியோ எடுப்பது, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது இரண்டும் வேண்டாம், பிள்ளை யார் என்று வெளியே தெரிய வைப்பதே தனிக் குற்றம். அன்றைக்குப் போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டித் தடயம் கெட்டுவிடும்.

உடலில் காயம், வலி, இரத்தம் என்றால் முதலில் ஆஸ்பத்திரி. ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை இல்லை. எஃப்ஐஆர் இல்லாமலே பரிசோதிக்கலாம், போலீஸ் கடிதம் கேட்கக் கூடாது, அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ இலவசமாகப் பார்க்க வேண்டும். நம் திருநெல்வேலியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வரை போக வழியில்லை என்றால் பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று எவர் சொன்னாலும் கிளம்பாதீர்கள். பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும், கூடவே அம்மாவோ பிள்ளை நம்புகிற வேறு ஒருவரோ இருக்க வேண்டும். இரண்டு விரல் சோதனை என்று பேச்செடுத்தால் மறுத்துவிடுங்கள், உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்திருக்கிறது.

அடுத்தது ஸ்டேஷன். அதிக அலைச்சல் இங்கேதான். மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்கள் என்பார்கள். அங்கே போனால், சம்பவம் நடந்த இடம் மாநகர எல்லை, கமிஷனர் பக்கம் போங்கள் என்பார்கள். நடந்தது ஆலங்குளம் பக்கம் என்றால், அது இப்போது தென்காசி மாவட்டம் என்பார்கள். மூன்றுமே தட்டிக்கழிப்பு. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் நீங்கள் போய் நிற்கிற ஸ்டேஷன் பதிந்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவில் அது எழுத்திலேயே இருக்கிறது. போக்சோ தகவலைப் பதியாமல் விடும் போலீஸ்காரருக்கும் போக்சோ சட்டத்தின் 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. இதை நம்மிடம் யாரும் சொல்வதில்லை.

பெரிய ஏமாற்று சி.எஸ்.ஆர். ரசீது. மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீதைக் கையில் கொடுப்பார்கள், கேஸ் பதிவாகிவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். அது எஃப்ஐஆர் இல்லை. அதற்குப் பிறகு ‘ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கோம்’ என்பார்கள், அதுவே பைசலுக்கு வழியாகிவிடும். எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும், வாங்காமல் நகராதீர்கள். இந்த வகை எஃப்ஐஆர் இணையத்தில் ஏறாது, அதனால் நெட்டில் பார்த்துக்கோங்க என்ற பதிலை ஏற்காதீர்கள். எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். செய்தவர் உறவினர், ஆசிரியர், விடுதிப் பொறுப்பாளர் என்றால் தண்டனை கூடுதலான பிரிவு வர வேண்டும், அதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் போன் பண்ணுங்கள். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வரிசையில் நிற்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஊரே பார்க்கும், அந்த மனுவும் சுற்றி அதே ஸ்டேஷனுக்குத்தான் வரும்.

வாக்குமூலம் எடுக்கப் பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிவரச் சொல்வார்கள். தேவையில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்புகிற இடத்திலோ எடுக்க வேண்டும், கூடுமானவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கவே கூடாது. நான் பார்த்த ஒரு ஸ்டேஷனில் ஏழு வயதுப் பிள்ளையை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, ‘எம்மா நீ வெளிய நில்லு’ என்று அம்மாவை அனுப்பிவிட்டார்கள். பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. ‘பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள். அம்மாவை மறுபடி உள்ளே விட்டதும் அது அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னது, ஆனால் முதலில் எழுதிய அந்தத் தாளைக் கோர்ட் வரை இழுத்தார்கள். போக்சோவின் 26-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. அப்பா அம்மா அல்லது பிள்ளை நம்புகிறவர் முன்னிலையில், பிள்ளை சொன்னபடியே எழுத வேண்டும். மாஜிஸ்திரேட் எடுக்கும் வாக்குமூலத்துக்கும் இதே விதிதான். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், பிள்ளை சொல்லாத வார்த்தை இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

வயதுச் சான்றில் பல கேஸ் தடுமாறுகிறது. பள்ளிச் சான்றில் உள்ள பிறந்த தேதியைத்தான் முதலில் பார்ப்பார்கள், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அந்தக் காலத்தில் தேதியை மாற்றிக் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

பள்ளிக்கூடம் ‘ஸ்கூல் பேரு கெட்டுரும், நாங்களே பேசிக்கிறோம்’ என்றால், தெரிந்தும் தகவல் தராத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்பதைச் சொல்லுங்கள். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல், கொடுத்ததற்காகக் கேஸ் வராது, ஆசிரியர்கள் அந்தப் பயத்தில் பேசாமல் இருக்க வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் வைக்கும் பைசல், பணமோ கல்யாணப் பேச்சோ, எதுவும் செல்லாது. சமரசம் ஆகிவிட்டது என்று சொல்லிப் போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழுவைப் பார்த்து நம் ஆட்கள் பயப்படுகிறார்கள், பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று. பெரும்பாலும் செய்தவன் அதே வீட்டில் இருக்கிறான் என்றால்தான் அந்தக் கேள்வியே வரும், மூன்று நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும், பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். அம்மா நேரில் போய், நான் பிள்ளை பக்கம் நிற்கிறேன், அந்த ஆள் இனி வீட்டுக்குள் வர மாட்டான் என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். போகாமல் இருந்தால் சந்தேகம் உங்கள் மேல் திரும்பும்.

அதே குழுவிடம் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சாப்பாடு, துணி, பஸ் செலவு என்று உடனடித் தேவைக்கான சிறப்பு நிவாரணம். குழு பரிந்துரைத்த ஒரு வாரத்துக்குள் அந்தப் பணம் வர வேண்டும், ஆனால் பரிந்துரைக்கச் சொல்லி நாம் எழுதிக் கேட்டால்தான் பெரும்பாலும் நடக்கிறது. இன்னொன்று, கேஸ் முடியும் வரை கூட வரும் சப்போர்ட் பெர்சன், அதற்குக் காசு கிடையாது. இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரை காத்திருக்கச் சொல்வது தவறான யோசனை. எஃப்ஐஆர் பதிவானதுமே சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையானாலும் இழப்பீடு கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பிள்ளை பெயரில், நம்பகமானவரைப் பாதுகாவலராகப் போட்டு, பேங்க் கணக்கு தொடங்கி வையுங்கள், கணக்கு இல்லை என்பதற்காகவே ஆர்டர் மாதக்கணக்கில் கிடக்கும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளை என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அதற்குத் தனி நிவாரணம் இருக்கிறது, சாதிச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

வக்கீலுக்குக் காசில்லை என்று ஒதுங்காதீர்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும், 15100-க்கு அழைக்கலாம். கோர்ட்டில் எதிரி கண்ணில் பிள்ளை படக் கூடாது, எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க விரும்புவதை நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும், வீட்டார் ஒருவர் கூட இருக்கலாம். ஒரு வருஷத்தில் விசாரணை முடிய வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது, வாய்தா போய்க்கொண்டே இருந்தால் அதைக் கோர்ட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லி வக்கீலை நச்சரியுங்கள். பிள்ளை சாட்சி சொல்லும் தேதி நெருங்கும்போதுதான் உறவுக்காரர்கள் போன் வரும், ‘மைனி, போனது போச்சு’ என்று. அந்த நம்பரையும் நேரத்தையும் குறித்து, அன்றைக்கே சப்போர்ட் பெர்சனிடமும் வக்கீலிடமும் சொல்லிவிடுங்கள்.