கேள்வி கேட்காத பதிப்பகத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்காதீர்கள்

பெர்லினிலோ லெய்டனிலோ வெளியாகும் ஓர் ஆய்வு நூலின் உரிமைப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கீழே பொடி எழுத்தில் டைப்செட்டிங் செய்த நிறுவனத்தின் பெயரும் பல நூல்களில் இருக்கும். அது புதுச்சேரி நிறுவனமாகவோ சென்னை நிறுவனமாகவோ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இடைக்கால பிரெஞ்சுக் கவிதை, ஜெர்மன் நாடகம், ஹங்கேரிய நாவல் என்று ஐரோப்பிய இலக்கிய ஆய்வு நூல் வரிசைகளின் பக்கங்களில் கணிசமானவை இங்கேதான் உருவாகின்றன. எனக்கு அந்த வேலையில் இது பத்தொன்பதாவது வருஷம். அடையாள அட்டையில் புரொடக்‌ஷன் எடிட்டர் என்று போட்டிருக்கும். நடைமுறையில், நூலாசிரியருக்குக் கேள்வி அனுப்பும் வேலை. அலுவலகத்தில் அதைக் குவெரி என்போம். ஒரு முந்நூறு பக்க நூலுக்கு நூறு குவெரி போனால் அது சாதாரண நூல்.

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கையில் புத்தகத்தோடு வந்தாள். ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவைப் பற்றி பிஎச்.டி. முடித்தவள். "அக்கா, என் புத்தகம் யூரோப்ல வந்துடுச்சு" என்றாள். அட்டையில் சூரிய அஸ்தமனம். உள்ளே புரட்டினேன். கைடு கொடுத்த சான்றிதழ், "இது என் சொந்த ஆய்வு" என்ற உறுதிமொழி, பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த தேதி எல்லாம் அப்படியே அச்சாகியிருந்தன. மேல் மார்ஜினில் ரன்னிங் ஹெட்டே, அதாவது பக்கந்தோறும் தலையில் வரும் நூல் பெயரோ இயல் பெயரோ, இல்லை. இன்டெக்ஸ் இல்லை.

"யாராவது ஏதாவது கேட்டாங்களாம்மா?"

"இல்லக்கா. வேர்ட் ஃபைலை அப்லோட் பண்ணச் சொன்னாங்க. அட்டைக்குப் படம் செலக்ட் பண்ணச் சொன்னாங்க. அவ்ளோதான்."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகளின் மதிப்பெண் அட்டவணையில் சர்வதேசப் பதிப்பகத்தில் வந்த நூலுக்கு 12, தேசியப் பதிப்பகத்தில் வந்ததற்கு 10. வேலைக்கு அலையும் ஒரு பெண்ணுக்கு "உங்கள் ஆய்வை நூலாக்க விரும்புகிறோம்" என்று ஐரோப்பிய முகவரியிலிருந்து மின்னஞ்சல் வந்தால் என்ன செய்வாள்? ஐஎஸ்பிஎன் வேறு தருகிறார்கள். ஐஎஸ்பிஎன் என்பது புத்தகத்துக்கு வண்டி நம்பர் மாதிரி. வண்டி ஓடுமா என்பதை அது சொல்லாது. நம் ஊரில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் கேட்டால் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கும்.

உண்மையான ஆய்வு வரிசை எப்படி இருக்கும் என்று அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். 'பைஹெஃப்டே' என்றொரு வரிசை. ரொமான்ஸ் மொழிகளுக்கான (லத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு, ஸ்பானியம் போன்றவை) ஒரு ஜெர்மன் ஆய்விதழின் இணைநூல்களாக 1905இல் குஸ்டாவ் குரோபர் என்ற பேராசிரியர் தொடங்கியது. ஹாலே நகரத்து மாக்ஸ் நீமாயர் பதிப்பகம் வெளியிட்டது. நீமாயர் பின்னாளில் பெர்லின் பதிப்பகமான டி க்ரூய்ட்டரோடு போனது. டி க்ரூய்ட்டரும் லெய்டன் பதிப்பகமான பிரில்லும் 2024இல் ஒன்றாயின. இத்தனை கைமாறியும் வரிசை எண் அறுபடாமல் நானூறைத் தாண்டி ஓடுகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரோடோபி பதிப்பகம் வெளியிட்ட பிரெஞ்சு இலக்கிய வரிசைக்கு 'ஃபோ தீத்ர்' என்று பெயர். நூலின் தொடக்கத்தில் தலைப்பு மட்டும் இருக்கும் பக்கத்தை அச்சுத் தொழிலில் நாம் ஹாஃப் டைட்டில் என்கிறோமே, அதற்கான பிரெஞ்சுச் சொல்தான் அது. டைப்செட்டிங்காரர்களான எங்களுக்கு அந்தப் பெயர் மேல் தனிப் பிரியம். ரோடோபியையும் பிரில் வாங்கிவிட்டது, வரிசை நிற்கவில்லை. பிரிட்டனில் 1918இல் தொடங்கிய எம்.எச்.ஆர்.ஏ. என்ற ஆய்வாளர் சங்கத்துக்கு லெகெண்டா என்று ஒரு பதிப்புப் பிரிவு இருக்கிறது. லத்தீனில் 'படிக்க வேண்டியவை' என்று பொருள்.

இவற்றில் எதை எடுத்தாலும் முதல் பக்கங்களில் வரிசைப் பதிப்பாசிரியர்களின் பெயர் இருக்கும். அந்தத் துறையில் நூல் எழுதியவர்கள், பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடினால் கிடைப்பவர்கள். உங்கள் திட்ட வரைவையும் ஓரிரு இயல்களையும் முதலில் அவர்கள் படிப்பார்கள். பிறகு முழுக் கைப்பிரதியும் வெளி ஆய்வாளர்களுக்குப் போகும். அவர்களின் அறிக்கை திரும்பி வரும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். "இரண்டாம் இயல் தேவையில்லை", "இந்த வாதத்தை முப்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார்" என்றெல்லாம் இருக்கும். அதற்கெல்லாம் பதில் எழுதி, திருத்தி, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் ஃபைல் என் மேசைக்கு வரும். அங்கிருந்து என் கேள்விகள்.

என் கேள்விகள் பெரும்பாலும் சில்லறைத்தனமாகத் தோன்றும். ஹங்கேரிய மொழியில் ஓ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்தால் 'த்யோர்' என்பதற்கு 'உடைக்கிறான்' என்று பொருள். புள்ளிகளுக்குப் பதில் இரண்டு சாய்ந்த கோடு போட்டால் 'குத்துவாள்'. ஸ்பானிய மொழியில் 'ஆண்டு' என்ற சொல்லில் ஒரு அலைக்கோடு விடுபட்டுவிட்டால் அது மலவாய் ஆகிவிடும். இது எங்கள் துறையில் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லும் முதல் ஜோக். ஜோக் என்றாலும், அச்சான புத்தகத்தில் அந்தத் தவறு இருந்தால் அந்த மொழி தெரிந்த விமர்சகர் நூலை அதோடு மூடிவிடுவார்.

இதைவிடக் கனமான குவெரி ஒன்று உண்டு: "இந்த மேற்கோள் எந்தப் பதிப்பிலிருந்து?" காஃப்காவின் 'விசாரணை' அவர் இறந்த மறுவருஷம், 1925இல், நண்பர் மாக்ஸ் பிராட் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துச் செய்த செம்பதிப்பு வரிசை 1982இல்தான் தொடங்கியது. அதில் 'விசாரணை' 1990இல் வந்தது. காற்புள்ளி முதல் இயல்களின் அமைப்பு வரை இரண்டும் ஒன்றல்ல. ஒரு வாக்கியத்தின் நடையை வைத்து நீங்கள் வாதம் செய்கிறீர்கள் என்றால், அந்த நடை காஃப்காவுடையதா, பிராட் கைவைத்ததா என்று யாராவது உங்களைக் கேட்டாக வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மன் நடையைப் பேசும் ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவை நல்ல வரிசைகளில் முதல் வாசிப்பிலேயே நின்றுவிடும்.

அடுத்தது அனுமதி. நம் ஆய்வாளர்கள் வழுக்கி விழும் இடம் இது. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 70. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1956இல் இறந்தார். இங்கே 2017 முதல் அவர் பொதுச்சொத்து. அங்கே 2026 முடியும்வரை இல்லை. புத்தகம் பெர்லினில் வருகிறதென்றால் பெர்லின் கணக்குத்தான். பிரான்சில் போரில் நாட்டுக்காக உயிரிழந்ததாக அறிவிக்கப்பட்டவர்களுக்குக் கூடுதலாக 30 ஆண்டு உண்டு. அதனால்தான் 1944இல் விமானத்தோடு மறைந்த பிரெஞ்சு எழுத்தாளர் சாந்த் எக்ஸுபெரி மற்ற பல நாடுகளில் எப்போதோ பொதுச்சொத்தாகியும் பிரான்சில் 2032 வரையாவது உரிமைக்குள் இருப்பார். ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே 1926இல் இறந்தவர், மூலத்துக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நீங்கள் மேற்கோள் காட்டுவது 1980களில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு என்றால் அந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை இருக்கிறது. விவாதிக்கும் வரிகளை மேற்கோள் காட்டச் சட்டமே இடம் தருகிறது. சிக்கல் வருவது முழுக் கவிதையைப் போடும்போதும், அழகுக்காக இயலின் தலையில் நாலு வரி வைக்கும்போதும்தான். அந்த நாலு வரிக்காக ஆறு மாதம் கடிதம் எழுதிக் காத்திருந்த ஆசிரியர்கள் உண்டு. நான் சொல்வது: தலையில் வைக்காதீர்கள்.

பணம் கேட்டால் மோசடி என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பாதிதான் சரி. ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெறுபவர் ஆய்வேட்டை வெளியிட்டே ஆக வேண்டும் என்பது பொதுவான விதி. வாங்க ஆளில்லாத நூலைப் பதிப்பகம் சும்மா போடாது என்பதால் அச்சுச் செலவு மானியம் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். அதற்கு ஜெர்மன் மொழியில் மூச்சு முட்டும் நீளத்தில் ஒரு ஒற்றைச் சொல்லே இருக்கிறது. மிகக் கௌரவமான வரிசைகளும் அதை வாங்குகின்றன. நூலை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி ஓப்பன் ஆக்சஸில் வெளியிட வேண்டுமானால் பெரிய பதிப்பகங்களில் கட்டணம் பத்தாயிரம் யூரோவை ஒட்டிப் போகும். அதைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமோ நிதி நிறுவனமோ கட்டும். மறுபக்கம், இந்தப் பெண்ணிடம் பத்துப் பைசா வாங்கவில்லை. ஆகவே பணத்தை வைத்து எடைபோடாதீர்கள். கைப்பிரதியில் ஒரு வரியையாவது மாற்றச் சொன்னார்களா என்று பாருங்கள்.

இலவசம்தானே, என்ன நஷ்டம் என்று அவளும் கேட்டாள். நஷ்டம் இதுதான்: புத்தகமாக வந்துவிட்ட ஒன்றை வேறு எந்த வரிசையும் எடுக்காது. ஆய்வேடு சோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையச் சேமிப்பகம்) கிடப்பதைப் பல பதிப்பகங்கள் தடையாக நினைப்பதில்லை. முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் போதும். நூல் வேறு கதை. அவள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் வெளியிடும் உரிமை முழுவதும் அவர்களுக்கு. திரும்பப் பெறும் ஷரத்தைப் பக்கம் பக்கமாகத் தேடி, கடைசியில் சின்ன எழுத்தில் கண்டுபிடித்தோம். எழுத்துமூலம் அறிவித்துவிட்டுக் குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும். கடிதம் அனுப்பியாயிற்று.

காத்திருக்கும் நாளில் மூன்றாம் இயலை மட்டும் ஆய்விதழ் கட்டுரையாக மாற்றச் சொன்னேன். முதலில் 'முன்னாய்வுகள்' என்று நாற்பது பக்கம் இருந்ததை வெட்டச் சொன்னேன். தேர்வாளருக்கு 'நான் எல்லாம் படித்தேன்' என்று காட்டும் பக்கங்கள் அவை, வாசகருக்கு வேண்டாம். அதைச் சிரித்துக்கொண்டே வெட்டினாள். பிறகு அலுவலகப் பழக்கத்தில் ஒரு குவெரி போட்டேன்: மேற்கோள்கள் எந்தப் பதிப்பு? ஒரு வாரம் போன் வரவில்லை. பிறகு வந்தாள். எல்லாமே ஆங்கிலப் பக்க எண்கள். இப்போது செம்பதிப்பின் பழைய பிரதி ஒன்றை வரவழைத்து ஜெர்மன் வரிகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். மொத்தம் 58 மேற்கோள். நேற்று மாலை வரை 21 கிடைத்திருக்கிறது. அதில் இரண்டில் அவள் வாதம் செய்த சொல்லே மூலத்தில் இல்லையாம்.