'மிர்' கம்யூன் அல்ல, ஊர்

ரஷ்ய வரலாற்றைத் தமிழில் தருபவர்கள், அந்நாட்டுக் குடியானவர்களின் கிராம அமைப்பைக் குறிக்கும் 'மிர்' என்ற சொல் வந்ததும் 'கிராமக் கம்யூன்' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது.

ஸ்லாவிய மொழிகளின் பொதுச்சொத்து இந்தச் சொல். 'அன்புக்குரிய' எனப் பொருள்படும் 'மில்' என்பதோடு இதற்கு வேர் உறவு உண்டு என்பார்கள். செக், செர்பியம், உக்ரைனியம் மூன்றிலும் இன்று இதற்கு அமைதி என்று பொருள். ரஷ்ய மொழியிலோ அமைதியும் 'மிர்', உலகமும் 'மிர்'. 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு இரண்டையும் வெவ்வேறு 'இ' போட்டுப் பிரித்தெழுதினார்கள். தோல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' நாவலின் தலைப்பை 'போரும் உலகும்' என்று திருத்தப் புறப்படுகிறவர்கள் முதல் பதிப்பின் முகப்பைப் பார்க்கட்டும்; அங்கே இருப்பது அமைதிக்கான எழுத்துதான்.

குடியானவர்களின் 'மிர்' உலகத்துக்கான எழுத்தில் எழுதப்பட்டது. அவர்களுக்கு அதுதானே உலகம்! 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபோது, ரஷ்யாவின் பெரும்பகுதியில் நிலம் தனி ஆளுக்குப் போகாமல் மிர் கைக்குப் போனது. அது வீட்டுக்கு வீடு தலையை எண்ணி நிலத்தைத் துண்டுதுண்டாகப் பங்கிடும். ஆண்டுகள் சில கழிந்தால் கலைத்து மறுபடி பங்கிடும். ஒருவன் வரி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். பட்டணத்துக்குப் பிழைக்கப் போகவும் அதன் சம்மதம் வேண்டும். 1906இல் பிரதமர் ஸ்தொலீப்பின் கொண்டுவந்த ஆணைக்குப் பிறகே தன் பங்கைப் பிரித்துக்கொண்டு வெளியேற எளிய வழி பிறந்தது.

கம்யூன் என்றதும் தமிழ் வாசகனுக்கு நினைவு வருவது 1871இன் பாரிஸ், அல்லது மாவோவின் சீனா. புரட்சி வாடையே இல்லாத, கிழடுதட்டிய ஓர் அமைப்புக்கு எதற்கு இந்தச் சட்டை? 'கிராமச் சமூகக் குழுமம்' என்று ஆக்குகிறவர்களும் உண்டு. அது கூட்டுறவுச் சங்கத்தின் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது.

'மிர்' என்பதற்கு 'ஊர்' என்றே போடலாம் என்பேன். 'ஊர்' என்றால் இடமல்லவா என்பார்கள். 'ஊர் கூடி முடிவெடுத்தது', 'ஊர் தள்ளிவைத்தது' என்கிறோமே, அங்கே கூடியது இடமா? சோழர் கல்வெட்டுகளில் நிலம் விற்று, வரிக்குப் பொறுப்பேற்று, 'ஊரோம்' என்று பேசுவது ஊரார் அவைதான். 'ஊர் உலகத்தில் இல்லாததா' என்று இரண்டையும் இன்றும் ஒட்டியே சொல்கிறோம். ரஷ்யப் பழமொழி ஒன்று: ஊரில் ஆளுக்கொரு நூல் தந்தால் அம்மணமானவனுக்கு ஒரு சட்டை. அதில் 'ஊரை' எடுத்துவிட்டுக் 'கம்யூனை' வைத்துப் பாருங்கள், வாயில் நுழையாது.

ஒரு வேறுபாட்டை மட்டும் அடிக்குறிப்பில் சொல்லியாக வேண்டும். மிருக்குள் பண்ணையார் சேர்த்தியில்லை. நம் ஊருக்குள் சேரி சேர்த்தியில்லை.