வலி வருவதற்கு முன்பே மாத்திரை

புற்றுநோய் முற்றியவருக்கு மார்ஃபின் என்ற கடும் வலி மருந்தை எழுதித் தரும் பாலியேட்டிவ் கேர் (நோயைக் குணமாக்குவதைவிட வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை) மருத்துவர் 'வலித்தால் போடுங்கள்' என்று விட்டுவிட மாட்டார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று மணி குறித்துக் கொடுப்பார். பெரும்பாலும் இரவு வேளைக்கு மட்டும் இரட்டை அளவு இருக்கும், நடுராத்திரியில் எழுப்ப வேண்டியதில்லை என்பதற்காக. வீட்டில் இருப்பவர்களுக்கு இது உறுத்தும். அப்பா இப்போது நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு இவ்வளவு கடுமையான மருந்து?

சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். உடம்பிலிருந்து வரும் வலி நரம்புகள் முதுகுத் தண்டில் தங்கள் செய்தியை அடுத்த நரம்பிடம் ஒப்படைக்கின்றன. அந்த இடத்தில் இருக்கும் ஏற்பிகளில் மார்ஃபின் போய் ஒட்டிக்கொண்டு செய்தியை மட்டுப்படுத்துகிறது. ஆனால் போக்குவரத்து ஒருவழி அல்ல. மூளைத் தண்டிலிருந்து கீழே இறங்கும் நரம்புகளும் உண்டு. மேலே போகும் வலியைக் குறைக்கவும் கூட்டவும் அவற்றால் முடியும். பயம், தூக்கமின்மை, தனிமை எல்லாம் கூட்டுகிற பக்கம். 'மறுபடி வந்துவிடுமோ' என்று காத்துக்கிடப்பதே வலியைப் பெருக்கும். மணிப்படி கொடுக்கும்போது அந்தக் காத்திருப்பு இல்லாமல் போகிறது. அடுத்த வலிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லாதவர்தான் நாளை சாயங்காலம் பேத்தி வருவதைப் பற்றி யோசிக்க முடியும். கடைசிக் கால நோயாளிக்கு நம்பிக்கை ஊட்டுவது என்றால் ஆறுதல் வார்த்தை சொல்வது என்றே நினைக்கிறோம். என்னைக் கேட்டால், அது முதலில் இந்த மாத்திரை அட்டவணையில் தொடங்குகிறது.

இந்த முறையை உலகுக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக இருந்து, சமூகப் பணியாளராகி, அப்புறம் மருத்துவம் படித்தவர். 1967இல் லண்டனில், கடைசிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, 'எனக்கு ஏன் இப்படி' என்ற கேள்வி, நான்கும் சேர்ந்ததே ஒருவர் படும் வலி என்பது அவர் வாதம். பிற்கால நரம்பியல் ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நின்றன.

மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவார்களோ என்று பயப்படுகிறோம். வலிக்கு ஏற்ற அளவில் மருத்துவர் மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுக்கும்போது அது அரிது. மலச்சிக்கல்தான் கிட்டத்தட்ட நிச்சயம். கூடவே மலத்தை இளக்கும் மருந்தும் எழுதித் தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மார்ஃபின் எடுக்கப்படும் அபினை அரசு உரிமத்தோடு பயிரிடும் நாடு இது. ஆனாலும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகளே மார்ஃபினை ஒதுக்கின. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி வழியைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள்.

மூச்சுத்திணறல் வலியைவிட மோசமாகப் பயமுறுத்தும். அதற்கு உதவும் ஒரு கருவி பனையோலை விசிறி. சும்மா சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் 2010இல் வெளியான ஒரு சோதனையில் 50 பேருக்குக் கையடக்க மின்விசிறியை முகத்தில் 5 நிமிடம், காலில் 5 நிமிடம் என்று காட்டிப் பார்த்தார்கள். முகத்தில் காட்டியபோதுதான் திணறல் உணர்வு குறைந்தது. கன்னத்திலும் மூக்கருகிலும் பரவியிருக்கும் முக்கிளை நரம்பு குளிர்ந்த காற்றை உணர்ந்ததும், மூளை 'காற்று வருகிறது' என்று எடுத்துக்கொள்கிறது போலும். கட்டிலைச் சுற்றி நிற்கும் சொந்தக்காரர்களை நகரச் சொல்லி, ஜன்னலைத் திறந்து, தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நேரே வீசுங்கள்.

சரி, உண்மையைச் சொல்வதா வேண்டாமா? "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்பது நம் ஊர் மருத்துவமனை வராந்தாக்களில் தினமும் கேட்கும் வாக்கியம். சொன்னால் மனம் உடைந்துவிடும் என்ற பயம். ஆனால் உடம்பு மெலிவதும், தன்னைப் பார்த்ததும் மற்றவர்கள் பேச்சு திடீரென்று நிற்பதும் அவருக்குத் தெரியாதா? தெரிந்தும், பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல் இருப்பார். மறைத்ததில் அவருடைய பயம் போகவில்லை, அதைச் சொல்ல ஆள்தான் இல்லாமல் போனது. அனுபவமுள்ள மருத்துவர்கள் போட்டு உடைப்பதும் இல்லை. "உங்க உடம்பப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? இன்னும் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டு, அவர் கேட்ட அளவுக்கே சொல்வார்கள். அதற்குப் பிறகு 'குணமாகிவிடும்' என்ற ஒற்றை நம்பிக்கை இருந்த இடத்தில் சின்னச் சின்ன ஆசைகள் வரும். ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில் படுக்க வேண்டும். பத்திரத்தைப் பெண் பேருக்கு மாற்ற வேண்டும். தம்பியோடு பேச வேண்டும். இவை எல்லாமே நடத்திக் காட்டக்கூடியவை.

பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் கேரும் சேர்த்துப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவு. கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சைகள் குறைவாகப் பெற்றும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். ஆயுள் கூடும் என்று இதை வைத்து வாக்குக் கொடுக்க முடியாது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதைக் காட்டவில்லை. 'பாலியேட்டிவ் என்றால் கைவிட்டுவிட்டார்கள்' என்ற பேச்சுக்கு மட்டும் இது போதுமான பதில்.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் கேர் முயற்சி, பக்கத்து வீட்டுக்காரர்களையே தொண்டர்களாக்கி ஊர் ஊராகப் பரவியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் வீட்டுச் சேவைகளில் இதுவும் ஒன்று.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களை அதிகம் உலுக்குவது, அவர் சாப்பாட்டை ஒதுக்கும் நாள். பட்டினி போடுகிறோமோ என்று பதறி டிரிப்ஸ் ஏற்றச் சொல்வார்கள். கடைசி நாட்களில் உடம்புக்கு உணவைப் பயன்படுத்தும் சக்தி குறைந்துவிடும், பசியும் அடங்கிவிடும். அப்போது ஏற்றும் நீர் கை கால் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேரக்கூடும். அவரை உண்மையில் வாட்டுவது பெரும்பாலும் வாய் வறட்சிதான். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர், முடியாதவருக்கு ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்து, உதட்டில் கொஞ்சம் வாசலின். இதை அடிக்கடி செய்ய வேண்டும், பேரப்பிள்ளைகளே செய்யலாம்.